ஆறாவது கேள்வி

என் மகள் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி இவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, எதைக் கறக்கப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பெற்ற பிள்ளை கேட்டாலும் எனக்கு அப்படித்தான் தோன்றும், என் சுபாவம் அது. பிறகுதான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நேர்முகத் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் பத்துக் கேள்விகளை எங்கிருந்தோ எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் இதுவரை நாலு கம்பெனிக்குப் போய் நாலிலும் தேறாமல் திரும்பியவள். அதனாலேயே கேள்விகள் விஷயத்தில் பண்டிதையாகிவிட்டாள். பேர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் ஆரம்பிக்கக் கூடாது, வேலையைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றாள். பேரும் ஊரும் இல்லாமல் ஒரு ஆளைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டேன். கேள்வி கேட்பது அவள் வேலை, என் வேலை இல்லை என்று வாயை அடைத்துவிட்டாள்.

சரி, வேலையைப் பற்றியே சொல்கிறேன். ஒரு பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் சுற்றி, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி நீக்கி மறுபடி மேலே அனுப்புகிற அறையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். ஒரே அறைதான், நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் கழுவும் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். சுவரில் முகம் தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குக் கீழே சாமான்களைத் தள்ளிவிட ஒரு சின்னக் கதவு. கழுவும் பக்கம் நிற்கிறவள் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் ஏப்ரன், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு, வராந்தாவைச் சுற்றி வர வேண்டும். எப்படிப் பறந்தாலும் பத்து நிமிடம் ஆகிவிடும். பளபளவென்று இருக்கிறது என்பதற்காக ஒரு சாமானைச் சுத்தம் என்று நம்புவது எங்கள் தொழிலில் கிடையாது. கழுவியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் சரி, விளக்குக்குக் கீழே பிடித்து, மூட்டுக்குள்ளே ரத்தம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம். எனக்கென்றே அமைந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எங்கள் சூப்பர்வைசர் அந்த மாதம் ஓய்வு பெற்றுப் போனார். சுத்தப் பக்கத்து மூலையில் அவருடைய மேஜையும் நாற்காலியும் காலியாகக் கிடந்தன. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதில் ஒளிவு மறைவு என்ன, வேண்டும்தான். பதினொரு வருடமாகச் சுடுதண்ணீரிலும் மருந்திலும் ஊறி என் விரலிடுக்குகள் வெடித்துவிட்டன. இரண்டு கையுறை போட்டாலும் எரிகிறது. தோல் டாக்டர் களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் இப்படியே நின்றால் கை எதற்கும் உதவாது என்று சொல்லியிருந்தார். கழுவ முடியாதவளைக் கழுவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? நாற்காலி கிடைத்தால் வேலையில் இருப்பேன், கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில், பள்ளிப் படிப்பை முழுதாக முடித்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் பத்தாவதோடு நின்றவள். எதற்கும் இருக்கட்டும் என்று விண்ணப்பம் போட்டு வைத்தேன். மூன்றாவது வாரம், வரச் சொல்லிக் கடிதம் வந்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருக்கிறார்கள், நாமாக வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் அறையிலிருந்து விண்ணப்பம் போட்ட இன்னொருத்தி பம்பரம். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சுத்தப் பக்கத்தில் துணி சுற்றுவதும் மெஷின் பார்ப்பதும் அவள் பொறுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். மெஷின் இரைச்சலில் பாதி கேட்காது, நானும் தலையை ஆட்டி வைப்பேன். யாரைப் பற்றியும் அவள் வாயில் ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தும். வயிற்றில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் ஒருத்தி எப்படி ஆறு வருடம் வேலை பார்க்க முடியும்?

கடிதம் வந்த அன்று அவளே வந்து, "அக்கா, ரெண்டு பேரும் சேந்து படிக்கலாமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருப்பது ஒரு நாற்காலி. போட்டிக்கு நிற்கிறவளோடு சேர்ந்து படிக்க யாராவது வருவார்களா? மாட்டேன் என்றால் பயந்துவிட்டேன் என்று நினைப்பாளே என்று சரி சொன்னேன். அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடுப்பு மாற்றும் அறையின் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கொடுத்த தாளை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். நான் பதில் சொல்லும்போது பம்பரம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டேன். எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்றாள். யார் மண்டையில் என்று கேட்கலாம் போலிருந்தது, கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் பதில்களில் நல்லதாக ஒரு வரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தொடங்கினேன்.

ஐந்து கேள்வி வரை வண்டி ஓடியது. ஆறாவதில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். 'வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறு என்ன? அதை எப்படிச் சமாளித்தீர்கள்?' வீட்டில் மகள் இதைக் கேட்டபோது, நான் அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் தவறு என்று சொன்னேன். அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். உலகத்தில் எல்லாரும் சொல்கிற பதில் இது, உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுவும் பொதுவாக இல்லாமல், எந்த நாள், மழையா வெயிலா, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறவர் கண்ணுக்கு முன்னால் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றாள். "அம்மா, நீ தப்பே பண்ணதில்லயா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

பண்ணியிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் வளைந்த நுனியுள்ள ஒரு சின்னக் கத்திரி காணாமல் போனது. வெளிநாட்டுச் சாமான், கண் ஆபரேஷனுக்கு உள்ளது. அப்போது எங்களிடம் துணி துவைத்துக் கொண்டுவரும் ஒரு பெண் இருந்தாள். நான் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். எனக்கு அது போதுமாக இருந்தது. யாரும் கேட்காமலேயே நான் போய் அவளைச் சொன்னேன். ஒரு வாரத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் போகும்போதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் போனாள். இரண்டு மாதம் கழித்து என் தொட்டியில் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் வருவதற்கு முன்னால் நானே அடியிலிருந்த மூடியைத் திருகித் திறந்தேன். கசடோடு கத்திரி வந்து கையில் விழுந்தது. கழுவித் தட்டில் மற்றவற்றோடு போட்டேன். எண்ணிக்கை சரியாகிவிட்டது, யாரும் எதுவும் கேட்கவில்லை. இதைப் போய் மூன்று அதிகாரிகளுக்கு முன்னால் சொல்ல நான் என்ன பைத்தியமா?

பெஞ்சில் நாங்கள் இப்படி ஆறாவது கேள்வியில் நின்றுகொண்டிருந்த மூன்றாம் நாள், பம்பரம் நோட்டை மூடிவிட்டு, "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதது ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. மருத்துவமனையில் இரண்டு லிஃப்டும் ஒரே நேரத்தில் ஓடாமல் நின்ற நாள். எலும்பு முறிவு ஆபரேஷனுக்கான சாமான்களைத் துணியில் சுற்றிய ஒரு பெரிய செட் மெஷினில் இருந்தது. நீராவி முடிந்த பிறகு துணி நன்றாக உலர்வதற்கென்று இருபது நிமிடம் உள்ளேயே விட வேண்டும். தியேட்டரிலிருந்து போன் மேல் போன். பம்பரம் பத்து நிமிடத்திலேயே கதவைத் திறந்துவிட்டாள். வெளியே எடுத்துப் பார்த்தால் செட்டின் அடியில் கையகலத்துக்கு ஈரம். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போகும், ஈரமாக வந்தால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். இவள் அதற்கு மேலேயே ஒரு காய்ந்த துணியைச் சுற்றி, டிராலியில் வைத்து அனுப்பிவிட்டாள். ரிஜிஸ்டரில் 'உலர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதன் பிறகு உட்கார முடியவில்லையாம். சாய்வுப் பாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போன டிராலியைப் பிடிக்கப் படிக்கட்டில் ஓடியிருக்கிறாள், நாலு தளம். தியேட்டர் வாசலில் சிஸ்டர் செட்டின் மேல் கையை வைக்கும்போது போய்ப் பிடுங்கியிருக்கிறாள். எண்ணிக்கையில் ஒரு இடுக்கி குறைகிறது என்று பொய் சொல்லி, அவசரத்துக்கென்று வைத்திருந்த வேறு செட்டை எடுத்துப் போய்க் கொடுத்திருக்கிறாள். ரிஜிஸ்டரில் எழுதியதைத் திருத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

"நீங்க அன்னைக்கு லீவுக்கா. இருந்திருந்தா உங்ககிட்ட கேட்டிருப்பேன், கதவத் தொறந்திருக்கவே மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இத உள்ள சொல்லலாமா?"

"சொல்லாத" என்றேன். "ரிஜிஸ்டர்ல பொய் எழுதினவள எவன் சூப்பர்வைசர் ஆக்குவான்? சொன்னா அன்னையோட உன் வேலையே போகும்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். என் மகள் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தக் கதை என்னை விடவில்லை. முகம்கூடத் தெரியாத ஒரு நோயாளிக்காக நாலு தளம் ஓடியவள் என்று கேட்டால், நானே அவளுக்கு அந்த நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். அப்படியானால் நான் ஏன் சொல்லாதே என்றேன்? இந்தக் கேள்வியை ரொம்ப நேரம் வைத்துக்கொள்ளவில்லை, வேறு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை பெரிய விஷயத்தை என்னிடம் எதற்குச் சொன்னாள்? தன்னுடையதைப் போட்டு என்னுடையதை வாங்கலாம் என்றா? கத்திரி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, பம்பரம் கிருமி டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான டாக்டர் அவர். நாங்கள் வைத்த பெயர்தான் கிருமி டாக்டர், அவருக்கும் தெரியும். நேர்முகத் தேர்வில் அவர்தான் பெரிய ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே இவளுக்கு என்ன வேலை? கேட்டதற்குச் சும்மா என்றாள். பம்பரம் சும்மா எங்கேயும் போகிற ஆள் இல்லை. கடைசியில், தேர்வுக்கு முந்தின நாள் அவள் நோட்டு பெஞ்சில் திறந்து கிடந்தது. அவள் கை கழுவப் போயிருந்தாள். பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில், என் வார்த்தைகள், ஒன்றுகூட விடாமல், பெரிய பெரிய எழுத்தில். அவளுடைய பதில் ஒன்றுகூட இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திருடி, என் சரக்கை வைத்தே என்னை வீழ்த்தப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு, அவள் வந்ததும் சிரித்தேன்.

மறுநாள் இரண்டாம் மாடி வராந்தாவில் வரிசையாக நாலு நாற்காலி. வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் புதுச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதலில் போய் வந்தார்கள். மருத்துவமனை ஆட்களில் சீனியர் நான், அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தபோது பம்பரம் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கக்கா, நீங்க சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கேன். பதட்டத்துல மறந்துருவீங்க, ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. கண்ணாடி இல்லாமப் படிக்கிற மாதிரி பெருசா எழுதியிருக்கேன்." கடைசி நேரத்தில் என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று தோன்றியது. எங்கேயாவது ஒரு வார்த்தையை மாற்றி எழுதியிருப்பாள். வேண்டாம், எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே கிருமி டாக்டர், மேட்ரன், அலுவலகத்திலிருந்து ஒருவர். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். என் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், வெடிப்பைப் பார்த்தால் நோயாளி என்று நினைத்துவிடுவார்களே. என்னைப் பற்றிச் சொன்னேன், பேரும் ஊரும் இல்லாமல், இரண்டு நிமிடத்தில். ஏன் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் ஒளித்து வைத்திருந்த நல்ல வரியைச் சொன்னேன். மேட்ரன் தலையாட்டினார். பிறகு கிருமி டாக்டர் அந்த ஆறாவது கேள்வியைக் கேட்டார். நான் அளவுக்கு மீறி உழைப்பது என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலையில வந்த ரெண்டு பேரும் அதத்தாம்மா சொன்னாங்க. நிஜமா ஒண்ணு சொல்லுங்க. நான் யாரையும் திட்டப் போறதில்ல."

தொட்டிக்கு அடியிலிருந்து வந்த கத்திரிதான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தள்ளினேன். அதற்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக இன்னொன்று தயாராக நின்றது. என் பதில்களை அவள் எடுத்துக்கொள்ளலாம், அவளுடையது ஒன்றை நான் எடுக்கக் கூடாதா? எப்படியும் அவள் சொல்லப் போவதில்லை. வீணாகப் போகிற சாமான்தானே.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சார், ஒரு நாள், லிஃப்ட் ரெண்டும் ஓடல" என்று ஆரம்பித்தேன். அதன் பிறகு நான் நிறுத்தவே இல்லை. மகள் சொன்ன மாதிரியே சொன்னேன். போன் அடித்தது, பத்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்தது, கையகலத்து ஈரம், மேலே சுற்றிய காய்ந்த துணி. ரிஜிஸ்டரில் 'உலர்ந்தது' என்று எழுதியதையும் விடவில்லை, அதை விட்டால் கதையில் உப்பு இல்லை. படிக்கட்டில் ஓடும்போது செருப்பு வார் அறுந்தது என்று என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். சிஸ்டர் கையை வைத்த இடத்தில் என் குரல் உடைந்தது. அதை நான் திட்டமிடவில்லை, நிஜமாகவே உடைந்தது. யாருக்காக உடைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேட்ரன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். கிருமி டாக்டர் சிரித்தார்.

"அந்த நாள் எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கும்மா. நானும் அன்னைக்கு அஞ்சு மாடி ஏறினேன், முட்டி வலி ஒரு வாரம் போகல" என்றார். தாளில் ஏதோ எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தப்பை மறைக்காமல் சொல்கிறவர்தான் அந்த மேஜைக்கு வேண்டும் என்று மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்க படிப்ப வச்சு உங்கள முதல்லயே கழிச்சிட்டோம், தெரியுமா? உங்க கூட வேலை பாக்கற பொண்ணுதான் என் ரூமுக்கு வந்து அரை மணி நேரம் நின்னுச்சு. எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவங்கதான், அவங்களக் கூப்பிடலேன்னா என்னையும் கூப்பிடாதீங்கன்னுச்சு. அதனாலதான் விதியத் தளர்த்தினோம். இன்னைக்குப் பாத்தா அது சொன்னது சரிதான்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். நான் இல்லை சார், அவள்தான் ஓடினாள் என்று நாலு வார்த்தை, அவ்வளவுதான். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வராந்தாவில் பம்பரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணீங்களாக்கா?" என்று கையைப் பிடித்தாள். தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியபோதுதான், நீங்க அன்னைக்கு லீவுக்கா என்று அவள் சொன்னது என் மண்டையில் இறங்கியது. ரிஜிஸ்டரில் அந்த நாளுக்குரிய பக்கத்தில் என் பெயரே இல்லை. 'உலர்ந்தது' என்பதற்கு எதிரில் இருப்பது அவளுடைய கையெழுத்து. அந்த வட்டத்துக்குள் அவர் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்காமல் வந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள்.

"ஆறாவது கேள்வி கேட்டாங்கக்கா. நீங்க சொன்னபடியே அந்த விஷயத்தச் சொல்லல. தப்பே பண்ணதில்லன்னு சொல்லிட்டேன். டாக்டர் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு" என்று சிரித்தாள். "பரவால்ல, உங்களுக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிதான்."

இப்படியும் ஒருத்தி சொல்வாளா என்று அப்போதுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே, பழைய ரிஜிஸ்டர்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று யோசித்தேன். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே, சுத்தப் பக்கத்தில், பச்சை அட்டை போட்டவை. ஒரு பக்கம்தானே, தண்ணீர் கொட்டி நனைந்துவிட்டது என்று சொல்லலாம். அன்று சாயங்காலம் அங்கே போக ஒரு சாக்குத் தேடினேன், பம்பரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அரை மணி முன்னதாகவே வந்தேன். அவள் எனக்கும் முன்னால் வந்து மெஷினைச் சூடாக்கியிருந்தாள். இல்லை, பேசாமல் அவளிடமே சொல்லிவிடலாம், காலில் விழுந்தாலும் தப்பில்லை என்று மதியம் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு அவளே களிம்பை எடுத்துத் தடவினாள். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

மூன்றாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். என் இரண்டு கைகளும் முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தன. அந்தப் பக்கம் போன் அடித்தது, பம்பரம் எடுத்துப் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிறகு வந்து சின்னக் கதவைத் தூக்கினாள்.

"அக்கா, கிருமி டாக்டர் ரூம்ல இருந்து. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ரிஜிஸ்டர் வேணுமாம். லிஃப்ட் ஓடாத அன்னைக்கு உள்ளது."

"எதுக்காம்?" என்றேன்.

"புதுசா வர்றவங்களுக்குக் கிளாஸ் எடுக்கப் போறாராம். நல்ல விஷயத்துக்குத்தான்னு சொன்னாங்க." திரும்பப் போனவள் நின்றாள். "அந்த நாளப் பத்தி அவருக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியல" என்றேன்.

அவள் அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவள் கை ஆடாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். விளக்குக்குக் கீழே ஒரு சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சின்னக் கதவை மெதுவாக இறக்கினாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து பச்சை அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே மேஜையில் வைத்துப் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது, அவளுடைய கையெழுத்து இருக்கிற இடமாகத்தான் இருக்கும். ஓடிப் போய் ரிஜிஸ்டரைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது, இல்லாவிட்டால் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஏப்ரன், கையுறை, பூட்ஸ், சோப்பு, உடுப்பு, வராந்தா, பத்து நிமிடம். கண்ணாடியைத் தட்டினேன். மெஷின் இரைச்சலில் கேட்டிருக்காது, அல்லது கேட்டிருக்கும். நீராவி முடிந்ததற்கான மணி அடித்தது. அவள் நிமிரவில்லை. பிறகு விரலைப் பக்கத்திலிருந்து எடுத்து, ரிஜிஸ்டரைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போய், உலர்வதற்குக் காத்திருக்காமல் மெஷின் கதவைத் திறந்தாள். புகை மாதிரி ஆவி கிளம்பிக் கூரை வரை போனது. மேஜை மறைந்தது, அலமாரி மறைந்தது, கடைசியாக அவள் தோளும் மறைந்தது. நான் கையுறைக் கையால் கண்ணாடியைத் துடைத்தேன், சோப்புத் தண்ணீர் வழிய வழிய மறுபடி துடைத்தேன். ஆவி படிந்திருந்தது அந்தப் பக்கம்.